பத்தாவது மாடி பால்கனி

மூடிக் கிடந்த பஞ்சாலைக்கு எதிரே பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஆண் புறா தினமும் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் நிலவரம் சொல்லும்.

“பத்தாவது மாடியில பூச்சு வேலை முடிஞ்சாச்சு. கிழக்கு பாத்த பால்கனி நமக்கு.”

“எனக்கு முட்டையிடுற நேரம் வந்தாச்சுங்க,” என்றது பெண் புறா. “ரெண்டு குச்சி கொண்டு வாங்க. பஞ்சாலை ஜன்னல் மேல கூடு கட்டிடலாம்.”

“அந்த இடிஞ்ச கட்டடத்திலயா? கொஞ்சம் பொறு.”

பெண் புறா பொறுக்கவில்லை. தானே குச்சி கொண்டுவந்து கூடு கட்டி, இரண்டு முட்டை இட்டது. ஆண் புறா தன் முறைக்கு அடைகாக்க வந்து உட்காரும்போதும் எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது, லிஃப்ட் ஓடியது, பெயிண்ட் அடித்தார்கள்.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் ஆண் புறா வாடிப்போய்த் திரும்பி வந்தது.

“எல்லா பால்கனிக்கும் வலை கட்டிட்டாங்க. கால் வைக்கக்கூட இடமில்ல.”

பெண் புறா எதையும் சொல்லிக்காட்டவில்லை. “போகட்டும், குஞ்சுங்களப் பாத்துக்குங்க. நான் இரை தேடிட்டு வரேன்,” என்றது.

ஒரு வாரம்தான் ஆண் புறா அடங்கி இருந்தது. பிறகு ஒரு காலையில் படபடவென்று பறந்து வந்தது.

“நல்ல சேதி! இந்தப் பஞ்சாலையையும் இடிச்சுட்டு இருபது மாடி கட்டப் போறாங்களாம். பதினெட்டாவது மாடி நமக்கு!”

பெண் புறா, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகளை நெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

“எப்ப இடிக்கிறாங்க?”

அதை ஆண் புறா கேட்டுக்கொண்டு வரவில்லை.