லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ்

‘ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது’ என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து வாட்ச்மேனுக்கு வயிறு எரிந்தது. அந்தக் குடியிருப்பில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள் நர்ஸ் ஒருத்திதான். வீடோ ஒன்பதாவது மாடி.

“நாள் பூரா தொற்று வார்டுல நின்னுட்டு வர்றீங்க. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்க வேண்டாமா சிஸ்டர்?”

“கேட்கலாம்ண்ணே, அவசரமில்ல.”

தினமும் கைக்கடிகாரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் படியேறினாள். அசதியில் மணி பார்க்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார் வாட்ச்மேன்.

கடைசியில் செயலாளருக்கே தொற்று வந்தது. அவள் வேலை பார்க்கும் வார்டிலேயே கிடந்து, பிழைத்துத் திரும்பியவர், முதல் வேலையாக நோட்டீஸைப் பிய்த்தார்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. லிஃப்ட்ல ஏறு.”

“வேண்டாம் சார்.”

“இன்னும் கோபமா?”

“இல்லாமலா? அந்தக் கோபத்துலதான் தினமும் ஒன்பது மாடி ஓடினேன். தொற்றுன்னு மைதானத்தைப் பூட்டிட்டாங்களே, மலையோட்டப் பந்தயத்துக்கு எங்கே பயிற்சி எடுக்கறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீங்கதான் வழி காட்டினீங்க.”

வாட்ச்மேன் அவள் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். அதில் ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்தில் நின்றது.

அவள் கையை நீட்டினாள். “அந்த நோட்டீஸைக் கொடுங்க சார். அடுத்த மாசம் வாங்கப்போற பதக்கத்துக்குப் பக்கத்துல ஃபிரேம் போட்டு மாட்டணும்.”

கைக்கடிகாரத்தைத் தொட்டாள். இரண்டிரண்டு படியாகப் பறந்தாள்.