முதல் லோடு

"ஆத்தா, நான் போகலைன்னா என் சீட்டு காலியாவா போகும்?"

மாரீஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் டிக்கெட் கடை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. விமான டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எவ்வளவு திரும்பி வரும்? சீட்டுக்காகக் கவலைப்பட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

வந்தவர் மொக்கைச்சாமி. நாராயணத்தேவன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். மஞ்சள் வேட்டி, செருப்பில்லாத கால், மணிக்கட்டில் காப்புக் கயிறு. கையில் நாலாக மடித்த டிக்கெட். நாளைக் காலை பத்தரை மணி, மதுரையிலிருந்து சென்னை.

"மொதல்ல உக்காருங்கய்யா. ஏன் போகலை?"

"நாளைக்குக் காலையில எங்க அம்மனுக்குத் தீச்சட்டி. நான் எடுக்குறேன். காப்புக் கட்டியாச்சு."

"அது தெரிஞ்சுமா டிக்கெட் போட்டீக?"

"போட்டது எம் மக. மெட்ராஸ்ல இருக்கா. அவளுக்கே நாலு நாளைக்கு முன்னாடிதேன் தேதி சொன்னாகளாம். உடனே எனக்குப் போட்டு அனுப்பிட்டா. இங்கன திருவிழா என்னைக்குன்னு அவளுக்குத் தெரியாது."

என்ன தேதி என்று மாரீஸ்வரி கேட்கவில்லை. அவளுக்கு மனசு வேறு எங்கோ போய்விட்டது. ஊரில் பாதிப் பேரைத் துபாய்க்கும் டெல்லிக்கும் அனுப்பி வைத்தவள் அவள். அவளோ வைகை அணையைத் தாண்டிப் போனது மதுரை வரைக்கும்தான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"நீங்க பிளேன்ல போயிருக்கீகளாய்யா?"

"இல்ல ஆத்தா. பந்தல்ல வேலை பாக்கையில மேல போகும். பாப்பேன்."

மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பெண் ஆசையாகப் போட்ட டிக்கெட். தானாக வந்த யோகத்தைத் தள்ளிவிட வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார் இந்த மனுசன்.

"சட்டிய அடுத்த வருசம் எடுத்தா அம்மன் கோவிச்சுக்கிருமா?"

"இந்த வருசந்தேன் எடுக்கணும்" என்றார் அவர். குரலில் பேரத்துக்கு இடமே இல்லை.

அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "சொல்றேன்னு வருத்தப்படாதீக. இது சலுகை விலை டிக்கெட்டு. இப்பக் கேன்சல் பண்ணா கம்பெனிக்காரவுக பயணக் கட்டணம் பூராத்தையும் பிடிச்சுக்கிருவாக. வரி மட்டுந்தேன் திரும்ப வரும். ஒண்ணுமே பண்ணாம சும்மா விட்டாலும், எழுதிக் கேட்டா அதுதேன் வரும். அதுவும் உங்க மக கார்டுக்குத்தேன் போகும். உங்க கைக்கு ஒத்த ரூவா வராது."

"அவளும் அதைத்தேன் சொன்னா. சும்மா விட்ருங்கப்பான்னா."

"பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"கேன்சல் பண்ணா அந்தச் சீட்டு வேற ஆளுக்குப் போகுமா?"

"போகும். உடனே திரும்ப விக்க ஆரம்பிச்சுருவாக. சும்மா விட்டாத்தேன் உங்க பேருக்கே காலியாக் கெடக்கும்."

"அப்பப் பண்ணிரு ஆத்தா. காலியாப் போகக் கூடாது."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிக்காரனுக்கே இல்லாத கவலை உங்களுக்கு எதுக்குய்யா?"

"எங்க தோட்டத்துல மொத வெட்டு வெட்டி லோடு ஏத்துறப்ப, வண்டியில ஒரு பெட்டி எடங்கூடக் காலியா விடமாட்டோம். பத்தலைன்னா பக்கத்துத் தோட்டத்துல வாங்கியாவது ஏத்துவோம். மொத லோடு நெறஞ்சு போகணும்."

திராட்சை லோடுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? விரதம் இருந்து இருந்து பெரியவருக்குக் கிறுகிறுத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மனசு கேட்காமல் இன்னொரு வழியும் சொன்னாள்.

"மதுரைப் பக்கம் மழைன்னு சொல்றாக. கம்பெனிக்காரவுகளே அந்தப் பிளேன ரத்து பண்ணிட்டாகன்னா முழுப் பணமும் வந்துரும். கேன்சல் பண்ண நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு. பொறுத்துப் பாப்பமா?"

அவர் சொம்பைச் சட்டென்று மேசையில் வைத்தார்.

"அப்படி வாய வைக்காத தாயி. அது போகணும். நல்லபடியாப் போய் எறங்கணும்."

கண் கலங்கியிருந்தது. மாரீஸ்வரிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே கேன்சல் செய்தாள். ஐந்து நிமிடம் கழித்து அதே விமானத்தைத் தேடிப் பார்த்தாள். ஒரே ஒரு சீட்டு என்று திரையில் வந்தது.

"மத்ததெல்லாம் நெறஞ்சுருச்சுய்யா. உங்க சீட்டு ஒண்ணுதேன் பாக்கி."

மொக்கைச்சாமி எழுந்து நின்று, கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "யாராச்சும் வந்துருவாகள்ல?"

"வந்துருவாக. ஏய்யா, அப்படி என்ன வேண்டுதல்? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். மழைக்குக் கூடியிருந்த வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"எம் மக நெனச்ச படிப்புப் படிச்சு, நெனச்ச வேலையில ஏறிட்டா, அந்த வருசமே சட்டி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். நாளைக்கு ஏறுறா ஆத்தா. அந்தப் பிளேன ஓட்டப் போறவுகள்ல ஒரு ஆளு அவதேன். வலது பக்கத்துச் சீட்டாம். அவளுக்கு அதுதேன் மொத லோடு."

அவர் போய் வெகுநேரம் வரை மாரீஸ்வரிக்குப் புல்லரிப்பு அடங்கவில்லை. பிறகு விலையைக்கூடப் பார்க்காமல், அந்த ஒற்றைச் சீட்டுக்குத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.