மதிலை எட்டிப் பார்த்தவர்

“பேரைச் சொல்ல மாட்டன். ஆனா விடியக் காலமை எங்கட ஒழுங்கைக்குள்ள வாறது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்,” என்றார் கிறிஸ்தோபர், கைபேசியை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து.

படத்தில் ஓர் ஆள், றெயின்கோட்டின் தொப்பி தலையை மூட, எங்கள் ஒழுங்கைப் புஸ்பராணி வீட்டு மதிலோரம் கல்லொன்றில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டுமே தெரிந்தது. எதிரே உள்ள அபூதாஹிரின் பலசரக்குக் கடைக் கமராவில் பதிந்த மங்கலான படம் அது. கமராவின் திகதி போன வருடத்திலேயே நின்றுபோயிருந்ததால், எந்த நாள் என்றும் தெரியவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சுங்க ஒழுங்கை ஒல்லாந்தர் காலத்து ஒடுக்கமான தெரு. மதில்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல். அவற்றுக்குள் நடப்பதை உலகத்துக்குச் சொல்லவென்றே கிறிஸ்தோபர் ‘சுங்க ஒழுங்கைச் செய்திகள்’ என்று ஒரு பேஸ்புக் பக்கம் நடத்தினார். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை ‘ஆசிரியர்’ என்று கூப்பிடுவது கேலிக்குத்தான். ஆனால் அவர் போட்ட செய்தியைப் பார்க்காமல் எங்களில் ஒருவருக்கும் காலைத் தேத்தண்ணி இறங்காது.

அந்த வாரத் தலைப்புச் செய்தியே புஸ்பராணி வீட்டிலிருந்துதான். அவருடைய மகள் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, முற்றத்தில் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் படம் வெளிவந்துவிட்டது. பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகள்கூடத் துலக்கமாகத் தெரிந்தன. உள்ளே என்னென்ன இருக்கும் என்று நாங்கள் மத்தியானம்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது புஸ்பராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“எத்தினை வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளை! கள்ளன் நோட்டம் பாத்திட்டுப் போயிருக்கிறான், இனி இஞ்ச படுக்க ஏலாது, கொழும்புக்குப் போறன் எண்டு நிக்கிறாள்.”

கிறிஸ்தோபர் படத்தைப் பெரிதாக்கினார். “கையைப் பாருங்கோ. என்னவோ மினுங்குது. கத்தியாத்தான் இருக்கும்.”

விடிகாலையில் வருகிறவர் என்றால் ஸஜ்ஜாத்தான். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்பவர். மழை நாளில் றெயின்கோட் போடுகிறவர். ஒழுங்கைக்கு வெளியாள் வேறு. எங்களுக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. அசையாமல் நிற்கிற படத்தைப் பார்த்து, நடை அவருடையதேதான் என்றார் ஒருவர். முகமே தெரியாத படத்தில் மூக்கை அடையாளம் கண்டவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள்.

மறுநாள் காலை ஒழுங்கை வாசலில் உட்காரும் மர வாங்கு ஒன்றைக் குறுக்கே போட்டு, அதன் பின்னால் வீரர்களைப் போல நின்றோம். ஸஜ்ஜாத் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மீன்பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணி சொட்டியது.

“புஸ்பராணி அக்கா, மகளுக்கு விருப்பமெண்டு சொன்னீங்களே, நல்ல பாரை கொண்டாந்திருக்கன்.”

புஸ்பராணி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிறிஸ்தோபர் படத்தைக் காட்டி விளக்கினார். ஸஜ்ஜாத் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் மீன்பெட்டியைப் பார்த்தோம்.

“ஐயா, எத்தின வருசமா வாறன். ஒரு ஊட்டுக்குள்ளயாவது எட்டிப் பாத்திருக்கனா?”

“அதைப் பொலிஸில சொல்லுங்கோ.”

“சொல்றன். அதுக்கு முன்ன முழு வீடியோவையும் எல்லாருக்கும் முன்னால போடுங்க. நான்தானெண்டா நானே போய் ஜீப்பில ஏறுறன்.”

நியாயமான கதைதான். அதைவிட, விடியற்காலையிலேயே ஒரு படம் பார்க்கக் கிடைக்கிறது என்பது எங்களுக்கு இன்னும் நியாயமாகப் பட்டது. வாங்கைத் தூக்கிக்கொண்டுபோய் அபூதாஹிரின் கடை வாசலில் போட்டு இடம்பிடித்தோம். அவர் கடைக்குள் இருந்த டிவியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்.

“நான் கொஞ்சம் பாத்திட்டுத்தான் படத்தை அனுப்பினனான். மிச்சம் நானும் பாக்கல்ல,” என்றார்.

கிறிஸ்தோபருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஒழுங்கைக்காரரும் பார்க்கட்டும் என்று அவர் கைபேசியை டிவிக்கு நேரே பிடித்து நேரலையைத் தொடக்கினார். “அன்பான உறவுகளே, கள்ளனின் முகம் இன்னும் சில நிமிடங்களில்,” என்றார். அவருடைய மனைவி சீலா, குசினி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

ஆள் கல்லில் ஏறினார். மினுங்கும் சாமானை மதிலுக்கு மேலாக உயர்த்திப் பிடித்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அந்த நேரம் பார்த்து, கோட்டைப் பக்கம் எப்போதும் திரியும் மான்களில் ஒன்று ஒழுங்கைக்குள் துள்ளி நுழைந்தது.

திடுக்கிட்ட ஆள் கமராவின் பக்கம் திரும்பினார். றெயின்கோட்டின் தொப்பி பின்னால் சரிந்து விழுந்தது.

நாங்கள் எல்லோரும் வாங்கிலிருந்து எழும்பிவிட்டோம். ஸஜ்ஜாத் மட்டும் மீன்பெட்டியின் மூடியைத் திறந்து, பாரை மீனை எடுத்துப் புஸ்பராணியிடம் நீட்டினார். நேரலை ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து சீலாவின் குரல் கேட்டது.

“இஞ்சாருங்கோ, பேக்கரியில பாண் வாங்கப் போறனெண்டெல்லோ சொன்னனீங்கள்!”