தமிழ் தெரியாத குதிரை

"வெள்ளைக் குதிரையப் பார்க்காத, தம்பி. மாப்பிள்ளைங்க எல்லாரும் அதத்தான் மொதல்ல பார்ப்பாங்க. அதுல ரெண்டு பேரு கையில கட்டுப்போட்டுக்கிட்டு நிக்காஹ்ல உட்கார்ந்தாங்க" என்றார் ஜட்கா வண்டிக்காரர் கலியபெருமாள்.

ஷஹாபுதீன் சிரிக்கிற நிலையில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணன் மஜீத், மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரவெடிக்கு மிரண்ட குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். இப்போது தம்பியின் முறை. மாப்பிள்ளை குதிரையில்தான் வருவார் என்று பெண் வீட்டார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒன்பது நாள்தான் இருந்தது.

"அப்ப எதண்ணே எடுக்கறது?"

கலியபெருமாள் லாயத்து மூலையிலிருந்த கொள்ளு டின்னைத் தூக்கிக் கல்தரையில் போட்டார். வெள்ளைக் குதிரை கயிற்றை அறுப்பதுபோல் எகிறியது. பக்கத்தில் நின்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரையோ, காதில் உட்கார்ந்த ஈயை உதறிவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது.

"பார்த்தியா? புதுசா ஏர்றவனுக்கு அழகும் வேணாம், உயரமும் வேணாம். வயசான குதிர, பதறாத குதிர, அவ்வளவுதான். இது பேரு மாதாம். ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துத் துரை வெச்சிருந்தாரு. அம்பத்திநாலுல கப்பலேறினப்ப எங்கிட்ட வித்துட்டுப் போனாரு. ஒண்ணே ஒண்ணு, அதுகிட்ட நீ வாயே தொறக்காத."

"ஏன்?"

"அதுக்குத் தமிழ் தெரியாது."

மறுநாள் விடியலில் வம்பாக்கீரப்பாளையத்துக் கடற்கரையில் பாடம் ஆரம்பித்தது. மணலில் விழுந்தால் எலும்பாவது மிஞ்சும் என்பது கலியபெருமாளின் கணக்கு.

"முன்பக்கமா வா. அது கண்ணுல படு. தோள்ல கைய வை. ம், இப்ப இடது பக்கம் போ. பிடரியப் புடி. அங்கவடியில முன்பாதத்த மட்டும் வை. முழுசா நொழைச்சா, விழறப்ப கால் மாட்டிக்கும். தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயிடும். உங்க அண்ணன் அப்படித்தான்..."

ஷஹாபுதீன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். மூன்றாவது முயற்சியில்தான் மேலே போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் தரை, கிணற்றுக்குள் தெரியும் தண்ணீர்போல எங்கோ கிடந்தது.

"கீழ பார்க்காத! தரையப் பார்த்தா தரைக்குத்தான் போவ. தூரத்துல பாரு. குதிகால எறக்கு. லகான்ல தொங்காத, அது பஸ்ஸுல இருக்கற கம்பியில்ல. மிரண்டுச்சுன்னா இழுக்கத்தான் தோணும். இழுத்தா அதுக்கு வாய் வலிக்கும், வலிச்சா இன்னும் பிச்சுக்கிட்டு ஓடும். முட்டியால அணைச்சுப் புடிச்சு, அழுத்தி உட்காரு. உன் பயம் தொடை வழியாத்தான் அதுக்குப் போவுது, தெரிஞ்சுக்க."

ஆறாம் நாள் மாதாம் அவனைச் சுமந்துகொண்டு அலையோரம் நடந்தது. கற்றது எல்லாம் உடம்பில் ஏறிவிட்டது. மனசில்தான் ஏறவில்லை. வெடி வெடிக்கும்போது முட்டியும் குதிகாலும் ஞாபகம் வருமா? பேசி அடக்கலாம் என்றால் பாஷை தெரியாதே!

அவன் தெருவில் ஜானகிராமன் என்று ஒரு பழைய சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் ஓடினான்.

"குதிரைக்கா? 'அலே'ன்னா போகும், 'ஆல்த்'னா நிக்கும். எங்க, சொல்லு."

"ஆல்த்."

"பிரியாணில உப்பு பத்தலன்னு சொல்ற மாதிரி சொல்ற! அடிவயித்துலேர்ந்து வரணும்டா."

பெரிய மார்க்கெட் ஜவுளிக்கடையில் துணி அளக்கும்போதும் ஷஹாபுதீன் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர்கள் அவனுக்கு வயிற்றுவலி என்று நினைத்தார்கள்.

ஒன்பதாம் நாள், அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. முகத்தில் தொங்கிய பூச்சரத்தின் இடுக்கு வழியாகத்தான் தெரு தெரிந்தது. கலியபெருமாள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். பக்கத்தில் மஜீத், கம்பு கல்லில் தட்டத் தட்ட, தம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார்.

பெண் வீட்டு முனை திரும்பியதும், சொல்லாமல் கொள்ளாமல் யாரோ ஆயிரம் வாலா சரத்தைக் கொளுத்திப் போட்டுவிட்டார்கள், குதிரையின் பின்னங்காலுக்கு நாலடி தள்ளி.

கூட்டம் சிதறியது. இடித்த இடியில் கலியபெருமாள் ஒரு பக்கம் விழ, கயிறு கையை விட்டுப் போனது. "யா அல்லாஹ்!" என்று மஜீத் கண்ணை மூடிக்கொண்டார். மாதாமின் முதுகுத் தோல் ஒரு தடவை சிலிர்த்தது. ஷஹாபுதீனின் முட்டிகள் தாமாக இறுகின. குதிகால் இறங்கியது. அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது.

"ஆல்த்!"

புகை விலகியபோது, தெரு நடுவில் குதிரை நட்ட கல் மாதிரி நின்றிருந்தது. மாப்பிள்ளை மேலே இருந்தார்.

"பிரெஞ்சுலயே அடக்கிட்டாருப்பா மாப்பிள்ள!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. மஜீத் கம்பைத் தம்பியின் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதும், ஷஹாபுதீன் கலியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரே ஒரு வார்த்ததாண்ணே சொன்னேன்! என்னமா புரிஞ்சுக்கிச்சு பார்த்தீங்களா?"

கலியபெருமாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"நீ முட்டிய இறுக்கி அசையாம உட்கார்ந்த பாரு, அதுக்குத்தான் நின்னுச்சு. வெளிய சொல்லிடாத தம்பி, அப்புறம் ஒருத்தனும் வாடகைக்குக் கூப்பிட மாட்டான். துரைகிட்ட இருந்தப்பவே பீரங்கி பக்கத்துல நின்னு நின்னு, மாதாமுக்கு ரெண்டு காதும் சுத்தமா போயிடுச்சு."