மணி அடிக்காமல் வந்த வண்டி

அந்தக் கிளைப்பாதையில் மணி அடிக்காமல் ரயில் வந்ததே கிடையாது. முந்தின ஸ்டேஷனில் வண்டி கிளம்பிய தகவல் வந்ததும், சங்கிலி என்கிற போர்ட்டர் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி அடிப்பார். தண்டவாளத்தில் மிளகாய் காயவைத்தவர்களும் தலைவைத்துப் படுத்தவர்களும் முனகிக்கொண்டே எழுந்து போவார்கள். பிறகு ரயிலை நிறுத்தி ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள். சங்கிலி அந்தத் துண்டை வீட்டுக்குத் தூக்கிவந்து கோழிகளை மூடும் பஞ்சாரக் கூடையின்மேல் பாரமாக வைத்தார். ஊர் கவலையில்லாமல் தண்டவாளத்தில் தூங்கியது.

தண்டவாளத்தைப் பெயர்த்துப் போக ஒரு மத்தியானம் எஞ்சின் வந்தது. அது ஊதியதை ரோட்டில் போகிற லாரி என்று நினைத்து, தண்டவாளத்தில் தூங்கிக்கொண்டிருந்த வீரணன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

சங்கிலி ஓடிப்போனபோது ஊரே தண்டவாளத்தில் கூடி நின்றது. வீரணன்மேல் யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் அழவில்லை.

"மணி எங்கண்ணே?"

"வண்டி வருதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே தாயி."

"இப்ப நான் சொல்றேன். எடுத்தாந்து அடி."

சங்கிலி வீட்டிலிருந்து அதைத் தூக்கிவந்து பழைய கிளையிலேயே கட்டினார். ஓங்கி அடித்தார்.

சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் தண்டவாளத்தைவிட்டு விலகினார்கள். ஒச்சம்மாளும் விலகினாள். விலகி நின்று, அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா அடிண்ணே" என்றாள்.