ஆறாவது ஊர்

ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் கடல். மிச்சமிருந்த ஒரே வழியிலும் ஆற்றை மறித்து அண்ணன் ஊர் கட்டிவிட்டான். வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு தாலாய் முழி பிதுங்கிப் போனான்.

"என்னடா, குடி வைக்க இடமில்லையா?" சுவரைப் பார்த்தபடியே சிரித்தான் மெலிஸ். "நல்லா மடக்கிட்டேன்ல?"

"திரும்பாதேண்ணே. என் முறை இன்னும் முடியல."

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதனால் ஒருவன் ஆடும்போது மற்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் போட்ட சட்டம். முதலில் ஆறு ஊர் நிறுவுகிறவனுக்கு ஜெயம். பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லாத ஊர் கணக்கில் சேராது. இப்போது ஆளுக்கு ஐந்து.

விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குப் பந்தயமே தாலாயின் வாழ்க்கைதான். தலைநகர் பிஷ்கெக்கில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி, இவன் வரைந்து அனுப்பிய நிலப்படங்களைப் பார்த்துவிட்டு வேலைக்கு வா என்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அவன் கடைக்குட்டி ஆயிற்றே! எங்கள் நாரின் மாவட்டப் பக்கத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவன் கதை அத்தோடு முடிந்தது. மூத்தவன் பட்டணம் போவான். அக்கா கட்டிக்கொண்டு போவாள். கடைக்குட்டிதான் அப்பாவோடும் ஆடுகளோடும் கிடக்க வேண்டும். "வீடு உனக்குத்தானே, அப்புறமென்ன?" என்று ஊர் வேறு பேசும். அம்மா போனதிலிருந்து தாலாய் அப்படித்தான் கிடக்கிறான்.

நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்திருந்த அண்ணனிடம் காலையில் கெஞ்சிப் பார்த்தான்.

"ஊரு என் மூஞ்சியில காறித் துப்பும்டா," என்றான் மெலிஸ். அப்புறம் என்ன நினைத்தானோ, "சரி, என்னோட ஆடு. ஜெயிச்சா நீ கிளம்பு. அப்பாவுக்குச் சமைக்க ஆள் போட்டு, ஊர் வாயை நான் அடைக்கிறேன். தோத்தா, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

பெரிய மனசுதான்! தம்பியிடம் இதுவரை தோற்றதே இல்லை என்கிற தைரியத்தில் பேசுகிற பேச்சு.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா ஜூமாபெக் உள்ளே வந்தார். கையில் ஆவி பறக்கும் ரொட்டி. தலையில் விசேஷத்துக்குப் போடுகிற வெள்ளைக் கம்பளித் தொப்பி.

"பக்கத்து வீட்டு பூருல்ஷா கொடுத்தா. சுடச்சுட இருக்கு, தின்னுங்க."

"ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போறதுக்கும் இந்தத் தொப்பிதானாப்பா?" என்றான் மெலிஸ்.

"தலை குளிருதுடா. அது கிடக்கட்டும், ஆட்டம் எப்படிப் போகுது?"

"நான்தான் ஜெயிக்கப்போறேன். உங்க கடைக்குட்டி எங்கேயும் போகமாட்டான். நீங்க நிம்மதியா இருங்க."

அப்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குத்தான் சுவர்ச் சட்டம் கிடையாதே.

மெலிஸின் முறை வந்தது. தாலாய் சுவரைப் பார்த்துத் திரும்பினான். காரை பெயர்ந்த அதே சுவர். ஆயுசு முழுக்க இதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்ததும் அவனுக்கு மூச்சு முட்டியது. ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடினால் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?

"முடிஞ்சது. வா, வந்து முழி," என்றான் மெலிஸ்.

தாலாய் உட்கார்ந்தான். வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டுச்சந்து. கையைத் தூக்கிவிடலாம் என்று அவன் நினைத்த நேரத்தில், பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது. அவன் இன்னும் போயே பார்க்காத, கறுப்பாகக் கிடந்த வடக்கு மூலையில் இரண்டு தரம் தட்டியது.

திரும்பிப் பார்த்தான். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி கூரையைப் பார்த்து ரொட்டி மென்றுகொண்டிருந்தார்.

வண்டியை வடக்கே விட்டான். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய் இருந்தது. அடுத்தடுத்த முறைகளில் அதைக் கடந்தால், அடேயப்பா, எவ்வளவு பெரிய ஏரி! அதன் கரையில் ஆறாவது ஊரை நிறுவினான்.

"அண்ணே, இப்பத் திரும்பு."

திரும்பிய மெலிஸ் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "டேய்! அடுத்த முறை என் வண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்டா! இருட்டுல கிடந்த ஏரி உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

தாலாய் அப்பாவைப் பார்த்தான். பெத்த மனசு! தான் தனியாகக் கிடந்து கஷ்டப்பட்டாலும் பிள்ளை போய்ப் பிழைக்கட்டும் என்று, தள்ளாத வயதில், அண்ணன் ஆடியதைப் பார்த்து வைத்து அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கிறது. இப்படிப்பட்ட மனுஷனையா சிறை என்று நினைத்தோம்? அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜெயிச்சாலும் நான் போகல. அந்த வேலையும் வேணாம், பட்டணமும் வேணாம். அப்பாவை விட்டுட்டு ஆயுசுக்கும் எங்கேயும் போகமாட்டேன்."

"என் ராஜா!" மெலிஸ் அவனைக் கட்டிக்கொண்டான். "தோத்தாலும் எனக்கு இன்னைக்குத்தான்டா சந்தோஷம்."

அப்பா மட்டும் எழுந்து நின்றார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முக்காலி மேல் பத்திரமாக வைத்துவிட்டு, மடேர் மடேரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா, வளந்த பையன் இருக்கற வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன்னு பூருல்ஷா ஒத்தக் கால்ல நிக்கறாடா!"