பின்னறை மணி

அக்காவைப் பின்னறைக்கு மாற்றியபோது, அவள் கூப்பிட வசதியாகக் கட்டிலருகே ஒரு சுவிட்சும் கூடத்தில் மணியும் வைக்கச் சொன்னான் தம்பி. கல்லூரியில் வானியல் நடத்துகிறவன். நாலு பேர் வந்து போகிற கூடத்தில் அவளுடைய இருமல் வேண்டாம் என்று நினைத்தான்.

எலக்ட்ரீஷியன் ஒயரைத் தாராளமாகத்தான் விட்டுப் போனார். சில நாட்களில் அது விறைத்து, சுவிட்சிலிருந்து பிய்ந்து கிடந்தது. ஒட்டுப் போட்டார். மறுபடியும் பிய்ந்தது. இந்த முறை முன்னைவிட நீளமான துண்டு தேவைப்பட்டது.

"சுவர் ஏதும் நகருதா சார்?"

"எதுவும் நகரல. நடுவுல இடம் கூடுது. தள்ளிப் போகப் போக இன்னும் வேகமாக் கூடும்," என்றான் தம்பி, வகுப்பில் சொல்லும் அதே குரலில்.

அப்போது சமையல்கார அம்மா காலித் தட்டோடு பின்னறையிலிருந்து வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, நாலே எட்டில் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் தலை நிமிராமல் டேப்பைச் சுருட்டினார். தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து பின்னறையை நோக்கி நடந்தான்.

வெகுநேரம் நடந்தான். கதவு சிறுத்துக்கொண்டே போனது. உள்ளே எரிவது வெள்ளை டியூப் லைட். விலகி ஓடும் விண்மீன் கூட்டத்தின் ஒளிபோல, கதவிடுக்கில் அது சிவந்து தெரிந்தது.

மூச்சு வாங்க நின்றான். பின்னறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்த முதல் நாள் அக்கா சொன்னது, அப்போதுதான் மெல்லிசாக வந்து சேர்ந்தது.

"போறப்ப கதவச் சாத்தாதடா தம்பி."